சுத்தத் தங்கத்தில் ஒரு தாலி

உலோகங்களைக் குத்திப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. தஞ்சாவூரை ஒட்டிய ஒரு பாலிடெக்னிக்கில் பொருள் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஒரு இயந்திரம் இருக்கிறது. கெட்டியான எஃகு உருண்டை ஒன்றை உலோகத் துண்டின் மேல் வைத்து அமுக்கும். எடுத்துப் பார்த்தால் உலோகத்தில் வட்டமாக ஒரு குழி விழுந்திருக்கும். குழி பெரிதாக இருந்தால் உலோகம் மெத்து, சிறிதாக இருந்தால் கடினம். அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

வருடா வருடம் முதல் வகுப்பில் சுத்தமான செம்புத் துண்டு ஒன்றையும் பித்தளைத் துண்டு ஒன்றையும் கொடுத்து அமுக்கச் சொல்வேன். செம்பில் பெரிய குழி விழும், பித்தளையில் சிறியது. உடனே யாராவது ஒருவன் கேட்பான்: "மேடம், செம்புதானே ஒரிஜினல்? கலந்தது எப்படி மேடம் ஸ்ட்ராங்கா இருக்கும்?" கலந்தது என்றாலே மட்டம் என்று நம் ஊரில் பால் குடிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. மேசை மேல் ஒரே அளவு எவர்சில்வர் தட்டுகளை அடுக்கித் தள்ளிக் காட்டுவேன். ஒன்றின் மேல் ஒன்று சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு கிண்ணத்தைச் செருகிவிட்டால் அந்த வழுக்கல் நின்றுவிடும். சுத்த உலோகத்தில் அணுக்கள் எல்லாம் ஒரே அளவு. வரிசை வரிசையாக நகர்ந்து கொடுத்துவிடும். அளவு வேறான அணு உள்ளே போய் உட்கார்ந்தால் வரிசைகள் மாட்டிக்கொள்ளும், நகராது. செம்போடு துத்தநாகம் சேர்ந்தாலும், தங்கத்தோடு செம்பு சேர்ந்தாலும் நடப்பது இதுதான்.

கலந்தால் எல்லாம் நல்லதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. செம்புக் குடம் கீழே விழுந்தால் நசுங்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். வெண்கலப் பானை விழுந்தால் விரிசல் விட்டுவிடும், அப்புறம் பொங்கலுக்குக்கூட ஆகாது. எதற்கு எது வேண்டும் என்று பார்த்துக் கலக்க வேண்டும். இதையும் சொல்லித்தான் வகுப்பை முடிப்பேன்.

எத்தனையோ பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டேன். என் மாமியாருக்கு மட்டும் என்னால் புரியவைக்க முடியவில்லை. விஷயம் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

திருவாரூர்ப் பக்கம் வெட்டாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஊருக்கு என்னைக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். வீட்டில் மாமியாரும் அவருடைய ஒரே மகனும்தான். மகன் வளைகுடாவில் குழாய் பதிக்கும் கம்பெனியில் வேலை. மாமனார் இல்லை. என் கணவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, ஒரு சாயங்காலம் முறைத் தண்ணீருக்காக மடை திறக்கப் போன இடத்தில் பாம்பு கடித்துப் போய்விட்டார். அதற்குப் பிறகு நிலத்தை நடத்தியது அத்தைதான். விதை விடுவதிலிருந்து அறுப்பு வண்டிக்காரனோடு மல்லுக்கட்டுவது வரை எல்லாம் அவர் பாடு. யாருக்கும் பயப்படமாட்டார். கொள்முதல் நிலையத்தில் அவர் போய் நின்றால் சாக்குப் பிடிப்பவர்கள்கூட வாய் பேசாமல் வேலை செய்வார்கள்.

அப்படிப்பட்டவர் கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வார். புருஷனை இழந்தவள் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவரே தனக்கு விதித்துக்கொண்ட சட்டம் அது. எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நான் சொல்லி அவர் கேட்டதில்லை.

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் மாப்பிள்ளை போனில் பெருமையாகச் சொன்னார். "அம்மா உனக்குச் சுத்தத் தங்கத்துலதான் தாலி செய்யணும்னு நிக்கிறாங்க. நான் முதல் தடவ ஊருக்கு வந்தப்ப அவங்களுக்கு ஒரு தங்கக் காசு கொண்டுவந்து குடுத்தேன், அதத்தான் உருக்கப் போறாங்க."

"செம்பு சேக்காமயா? சீக்கிரம் தேஞ்சிடும்ங்க" என்றேன். கல்யாணப் பெண் பேசுகிற பேச்சு இல்லைதான். ஆனால் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவளிடம் தங்கத்தைப் பற்றிப் பேசினால் வேறு என்ன வரும்?

அவர் அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டார். ஆண்பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று தெரிவதே இல்லை. வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே, தாலியில் கலப்படம் கேட்ட பெண் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் தாலிக்குப் பொன் உருக்குவதை நல்ல நாள் பார்த்து வீட்டிலேயே செய்வார்கள். பத்தர் தன் உமி அடுப்பு, ஊதுகுழல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார். அன்றைக்கு அத்தை கூடத்துக்கு வராமல் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். கண் மட்டும் பத்தர் கையிலேயே இருந்திருக்கிறது. காசு உருகி வரும் நேரம் பத்தர் பெட்டியிலிருந்து பொடிப் பொட்டலம் போல எதையோ எடுத்திருக்கிறார். உடனே உள்ளேயிருந்து குரல்.

"பத்தரே, அது என்ன?"

"செம்பும்மா. கொஞ்சம் சேத்தாத்தான் கெட்டிப்படும்."

"வேணாம். உள்ள எடுத்து வைங்க."

"எல்லாத் தாலியிலயும் சேக்கறதுதாம்மா. சுத்தமா செஞ்சா மெத்துன்னு இருக்கும், ஒழைக்காது."

"ஊருல எல்லார் கதையும் எனக்கு வேணாம். என் மருமக கழுத்துல ஏறப்போறதுல ஒரு குந்துமணி செம்பு இருக்கக்கூடாது."

பத்தர் தோளைக் குலுக்கிவிட்டுப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாராம். இதை என் கணவர் பின்னால் எனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

அந்தத் தாலி அழகாகத்தான் இருந்தது. நல்ல மஞ்சள். கல்யாணமான புதிதில் ஒருநாள், யாரும் இல்லை என்று நினைத்து அதன் ஓரத்தைப் பல்லில் வைத்து லேசாகக் கடித்துப் பார்த்தேன். பல் பதிந்துவிட்டது. திரும்பினால் அத்தை நிற்கிறார்.

"அத ஏன் கடிக்கிற?"

"சும்மா, அத்தை."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மஞ்சள் கயிற்றில் இருந்தவரை பிரச்சினை இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் தாலி பிரித்துக் கோர்த்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. தாலிக்கொடி கடையில் வாங்கியது, இருபத்திரண்டு காரட். அதில் செம்பு சேர்ந்திருக்கும், வெள்ளியும் கொஞ்சம் இருக்கும். அதனால் அது கடினம். அந்தக் கடினமான சங்கிலி, மெத்தென்ற தங்கத்தில் செய்த தாலியின் வளையத்துக்குள் நுழைந்துகொண்டு, நான் நடக்கும்போதும் குனியும்போதும் தஞ்சாவூர் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகும்போதும் அதை அரைத்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் காட்டும் சோதனை என் கழுத்திலேயே நடந்துகொண்டிருந்தது. நிறுத்தத்தான் வழியில்லை.

குளிக்கும்போது வளையத்தைத் தூக்கிப் பார்ப்பேன். உள்பக்கம் சங்கிலி உட்காரும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பிறகு பள்ளம் ஆழமானது. ஒரு தடவை பார்த்தபோது அந்த இடம் தகடு போல மெலிந்திருந்தது. அன்றைக்கே அத்தையிடம் காட்டினேன்.

"அத்தை, இந்த எடம் தேஞ்சுபோச்சு. பத்தர்கிட்ட குடுத்துப் புது வளையம் வெச்சுடலாம். கொஞ்சம் செம்பு சேத்து வெச்சா போதும்."

"தாலியக் கழட்டறதா?"

"மஞ்சள் கயித்துல வெரலி மஞ்சள் கட்டிக்கிட்டு இத எடுத்துக் குடுக்கறதுதானே அத்தை. எல்லாரும் செய்யறதுதான்."

"அவன் அங்க கடல் தாண்டி இருக்கான். இப்ப போயி கழட்டணுங்கிற."

"அவரு வந்ததும் செஞ்சுக்கலாமா?"

"வரட்டும். ஆனா செம்பு வேணாம்."

அவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அம்மாகிட்ட நான் பேசிக்கறேன், நீ விடு" என்றார். நண்டுக் குழம்பு சாப்பிட்டார், சிநேகிதர்களோடு வேளாங்கண்ணி போய்வந்தார், வயலைச் சுற்றிப் பார்த்தார், விமானம் ஏறிவிட்டார். பேச மறந்துவிட்டாராம். யாருக்கும் சொல்லாமல் நானே போய்ச் செய்துகொண்டு வந்திருக்கலாம் என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். தினமும் காலையில் அத்தை என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் காபி டம்ளரை எடுப்பார். தூங்கி எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பது போல. அவருக்குத் தெரியாமல் அந்தக் கழுத்தில் எதையும் செய்ய முடியாது.

இந்த வருடம் சம்பா அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அறுத்த நெல்லில் ஈரம். ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். வெயில் கண்ணைத் திறந்ததும் ஊரே ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைத்தது. கல்லூரி இல்லாத நாள் என்பதால் நானும் இறங்கினேன். காலால் நெல்லைக் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டே நடப்பதும், திரும்பி வந்து மறுபடி தள்ளுவதுமாகப் பொழுது போனது. பிற்பகலில் மேகம் திரண்டுவிட்டது என்று சாக்கில் அள்ள ஆரம்பித்தோம். குனிந்து குனிந்து அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது கழுத்து லேசாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். கொடி இருந்தது. குண்டும் பவளமும் இருந்தன. தாலி இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். எந்த இடம், எப்படித் தேய்ந்தது, எதனால் அறுந்தது என்று படம் போட்டு விளக்க என்னால் முடியும். ஆனாலும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் செய்த காரியம் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டது. போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தக் குரலின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. படித்தவள், சோதனைக்கூடத்துக்காரி, எல்லாம் அந்த நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயம், வெறும் பயம்தான் இருந்தது.

அத்தை பார்த்துவிட்டார். கத்துவார், ஏசுவார் என்று நினைத்தேன். முகம்தான் செத்துப்போய்விட்டது. வீட்டுக்குப் போய் ஒரு தட்டில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்துத் தள்ளினார்.

"கட்டிக்க."

"நீங்க முடிச்சுப் போடுங்க அத்தை."

"நான் தொடக்கூடாது. நீயே கட்டிக்க."

கட்டிக்கொண்டேன். முடிச்சு எத்தனை தடவை நழுவியதோ தெரியாது. அதற்குள் அவர் சாக்குகளை அவிழ்த்து, சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அள்ளிய நெல்லை எல்லாம் முறம் முறமாகக் கொட்டிச் சலிக்க ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கையால் துழாவினேன். தூறல் விழுந்தது. தார்ப்பாயை இழுத்துத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டோம். நெல் நனைகிறதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மணி நெல் சேற்றில் விழுந்தால் குனிந்து பொறுக்குகிற பெண்மணி அவர். இடையிடையே "போட்டுப் பாரு" என்பார். நான் போனைப் போடுவேன். அதே பெண் குரல் வரும். அவர் மறுபடி சலிப்பார்.

பொழுது சாயும் நேரத்தில் அவர் கை நின்றது. வைக்கோல் துணுக்குக்கும் பதருக்கும் நடுவிலிருந்து தாலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வளையம் அறுந்து கொக்கி போல வாய் பிளந்திருந்தது. அறுந்த இரண்டு முனைகளும் மயிரிழையாக மெலிந்திருந்தன. கிடைத்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "போட்டுப் பாரு" என்றார்.

அன்றிரவு இருவருமே சாப்பிடவில்லை. மறுநாள் மதியம் போன் வந்தது, தெரியாத எண். அவர்தான். குழாய்த் தாங்கி மேலிருந்து போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம், புதிது வாங்கிப் போட இவ்வளவு நேரம் ஆகிவிட்டதாம். படம் தெரியும்படி பேச வேண்டும் என்றார். கழுத்தை மறைத்துக்கொள்ளச் சொல்லி அத்தை கையைக் காட்டினார், நான் புடவைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"என்ன ரெண்டு பேரும் தூங்காத மாதிரி இருக்கீங்க?"

"மழடா. நெல்லு நனஞ்சுபோச்சு. நீ சாப்பிட்டியா?" என்றார் அத்தை.

"சாப்பிட்டேம்மா."

"மேல ஏறி வேல பாக்காத."

"அதாம்மா என் வேலயே" என்று அவர் சிரித்தார்.

போனை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இனிமேலாவது இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று நினைத்து, பத்தரை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வரச்சொல்லு. பழைய மாதிரியே சுத்தமா செய்யச் சொல்லு. வளையத்த இன்னும் தடிப்பா வெக்கச் சொல்லு."

"தடிப்பா வெச்சாலும் தேயும் அத்தை. கொஞ்சம் நாள் கூடும், அவ்வளவுதான். செம்பு சேத்தாத்தான்..."

"கலப்படம் வேணாம்னு சொல்றேன்ல. இந்தத் தடவ சாமி காப்பாத்துச்சு. மறுபடி வெளையாட முடியாது."

எனக்கு அடக்க முடியவில்லை. பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கலப்படம் கலப்படம்னு சொல்லாதீங்க அத்தை! பால்ல தண்ணி ஊத்தறதா இது? தங்கத்துக்குப் பலம் கெடையாது. பல்லு வெச்சா பதியுது, சங்கிலி ஒரசினா தேயுது. செம்புதான் அதுக்குப் பலம். அது இல்லாததாலதான் அறுந்துது. சுத்தமா இருக்கணும்னு நீங்க புடிவாதம் புடிச்சதாலதான் நேத்திக்கு நாம ரெண்டு பேரும் செத்துப் பொழச்சோம். இன்னொரு தடவ என்னால அப்படி ஒக்காந்து நெல்லச் சலிக்க முடியாது!"

இவ்வளவு சத்தமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி முடிச்சு. என் எதிரே உட்கார்ந்து, பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு தாலி இருந்தது. அவருடையது.

மாமனார் போனபோது கழற்றியது. இப்படிக் கழற்றியதை அநேகமாக உருக்கி வேறு ஏதாவது செய்துவிடுவார்கள். இவர் அப்படியே வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது, அவர் மகனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"பாரு. செவந்து கெடக்கா?" என்றார்.

உண்மைதான். என் தாலியின் மஞ்சள் அதில் இல்லை. லேசாகச் சிவந்திருந்தது.

"செம்பு கூடுதலாத்தான் இருக்கும்போல, அத்தை."

"எனக்குத் தெரியும். கொடியில பவளம் சேத்துக் கோக்கறதுக்கு ஒரு பத்தர்கிட்ட குடுத்தேன். ஒரசுகல்லுல தேச்சுப் பாத்துட்டு, என்னம்மா இதுல பாதிக்கு செம்பா இருக்கேன்னாரு. உன் மாமனார் வீட்டுல போட்ட தாலி. வெளிய சொன்னா அவருக்குத்தானே அவமானம்? சரி, அறுப்பு முடியட்டும், மெதுவா அவர்கிட்ட சொல்லி நல்ல பொன்னுல மாத்திக்கலாம்னு வாய மூடிக்கிட்டு வந்துட்டேன்."

துணியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டார்.

"அறுப்பு வரைக்கும் அவரு இருக்கல."

"பாம்புதானே அத்தை கடிச்சுது" என்றேன்.

"பாம்பு கடிச்சது எனக்குத் தெரியாதா? அன்னிக்கி மடைக்கு எத்தன பேரு போனாங்க. அதே வரப்புலதானே எல்லாரும் நடந்தாங்க. ஏன் இவர மட்டும் கடிச்சுது? என் கழுத்துல கெடந்தது சரியா இல்ல. தெரிஞ்சும் நான் மாத்தல. அதான்."

இவ்வளவு வருடமாக ஊரெல்லாம் பார்த்து மிரண்ட இந்தப் பெண்மணி மனதுக்குள் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான். என் கழுத்தில் ஒரு குந்துமணி செம்பு ஏறக்கூடாது என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னது பிடிவாதத்தில் அல்ல. தன் மகனை உயிரோடு வைத்திருக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான் என்னவோ மாமியார் அதிகாரம் என்று நினைத்து உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன்.

இரண்டு தாலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவருடைய வளையத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் நாற்றுப் பறித்திருக்கிறார், களை எடுத்திருக்கிறார், அறுத்திருக்கிறார், வாய்க்காலில் துணி துவைத்திருக்கிறார். வளையம் உருண்டையாக, செய்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. உள்பக்கம் விரல் நுனியை விட்டுத் தடவினேன். பள்ளம் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"அத்தை, தொட்டுப் பாருங்க. இது தேயவே இல்ல. என்னுது சங்கிலியில ஏறிக் கொஞ்ச வருஷத்துல அறுந்துபோச்சு. இது இத்தன வேலைக்கும் அப்படியே இருக்கு. செம்பு இருந்ததாலதான். இதுல கொறன்னு ஒண்ணும் இல்ல. கழுத்துல கெடந்து தாங்கறதுதான் இதுக்கு வேல. அத ஒழுங்கா செஞ்சிருக்கு."

அவர் தன் தாலியை எடுத்துக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டே இருந்தார். நான் சொன்னதை நம்பலாமா வேண்டாமா என்று அந்த விரல் தடவித் தடவிப் பார்த்தது.

"அப்ப இது நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருந்திருக்கு அத்தை."

"பத்தர வரச்சொல்லு. செம்பு எவ்வளவு வேணுமோ சேத்துக்கட்டும்."

அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் தாலியைத் துணியில் வைத்து மடிக்கப் போனவர், மடிக்காமல் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப அவரு ஏன்மா போனாரு?"

இத்தனை வருடம் அவரிடம் ஒரு பதில் இருந்தது. தப்பான பதில், அவரையே தின்றுகொண்டிருந்த பதில், ஆனாலும் அது இருந்தது. அதை நான் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். அத்தை அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.